புனித பெர்னார்து: பனிமலையில் பூட்டப்படாத கதவு



பனிச்சரிவு என்ற சொல் நம் வீடுகளில் அதிகம் புழங்காத சொல். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்தச் சொல் நம் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. அம்மாதம் 3ஆம் நாள், சியாச்சின் பனிமலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த இராணுவக் காவல் முகாம் மீது பனி சரிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் அதில் புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழகத்துப் பிள்ளைகள். ஆறு நாள்களுக்குப் பின் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். நாடே அவருக்காகச் செபித்தது. பிப்ரவரி 11ஆம் நாள் அவரும் மருத்துவமனையில் கண்மூடினார்.

நெருப்பையும் வெள்ளத்தையும் கடலையும் அறிந்த நமக்கு, பனியும் ஆள்களை விழுங்கும் என்பதை அந்த நாள்கள் காட்டின. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இதே ஆபத்தை ஒவ்வொரு குளிர்காலமும் கண்முன் கண்ட ஒரு குரு இருந்தார். பனி விழுவதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் பனி விழும் இடத்திலேயே ஒரு வீட்டைக் கட்டினார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. அவர்தான் மாந்தோன் நகர் புனித பெர்னார்து. அவருடைய வாழ்வை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம்.

மரணம் காத்திருந்த பாதை

ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஐரோப்பாவின் நடுவே ஒரு பெரிய மதில் போல எழுந்து நிற்கிறது. வடக்கே உள்ளவர்கள் உரோமைக்குச் செல்ல வேண்டுமானால் இந்த மதிலைத் தாண்டியே ஆக வேண்டும். அதைத் தாண்டுவதற்கு இருந்த சில வழிகளுள் ஒன்று, இன்றைய சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கணவாய். உதகமண்டலத்தைவிட இது சற்றே உயரம். ஆனால் குளிரில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இக்கணவாயில் அக்டோபரில் தொடங்கும் பனி ஜூன் வரை கிடக்கும். பல ஆண்டுகளில் ஒரு பருவத்தில் பெய்யும் பனியைக் கூட்டிப் பார்த்தால் 10 மீட்டரைத் தாண்டும். மேலே உள்ள சிறிய ஏரி ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே இருக்கும்.

உரோமையர் காலத்தில் இங்கே யூப்பித்தர் கடவுளுக்கு ஒரு கோவில் இருந்தது. அதனால் அந்த மலைக்கு யூப்பித்தர் மலை என்ற பெயர் ஏற்பட்டது. அங்கே நடந்த அகழ்வாய்வில், பயணிகள் நேர்ந்துகொண்டு காணிக்கையாக வைத்த வெண்கலத் தகடுகள் பல கிடைத்துள்ளன. போகவும் திரும்பவும் உயிரோடு வழி விட வேண்டும் என்பதே அவர்களின் வேண்டுதலாக இருந்தது. நம்மைப் போலவே அவர்களும் அஞ்சினார்கள், நேர்ந்துகொண்டார்கள். மனிதரின் அச்சம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்.

கிறிஸ்தவம் பரவிய பிறகு, திருத்தூதர்களின் கல்லறைகளைத் தரிசிக்கச் சென்ற திருப்பயணிகள் இப்பாதையை நிரப்பினார்கள். ஆயர்களும் துறவியரும் வணிகரும் ஏழைகளும் இதே வழியில் நடந்தனர். பனிக்கு ஆள்வேறுபாடு கிடையாது. 959ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயராகத் தெரிவு செய்யப்பட்ட எல்ப்சிகே, திருத்தந்தையிடமிருந்து பேராயருக்குரிய பாலியம் பெறுவதற்காக உரோமைக்குப் புறப்பட்டார். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும்போது குளிரில் விறைத்து இறந்தார். ஒரு நாட்டின் தலைமைப் பேராயருக்கே இந்த நிலை என்றால், காலில் கிழிந்த தோலைச் சுற்றிக்கொண்டு நடந்த ஏழைப் பயணியின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பனி போதாதென்று கொள்ளையரும் இருந்தனர். பிரான்சின் தென்கடற்கரையில் தளம் அமைத்திருந்த ஒரு கூட்டம் கணவாய்களை மறித்துப் பயணிகளைப் பிடித்துவைத்துப் பணம் கேட்டது. 972ஆம் ஆண்டு குளூனி மடத்தின் தலைவரான புனித மயோலுசே இப்பகுதியில் பிடிபட்டு, பெரும் தொகை கொடுத்த பிறகே விடுதலை பெற்றார். மலையடிவாரத்தில் பயணியருக்கு ஆதரவாக இருந்த பழைய துறவு இல்லமும் அந்த நூற்றாண்டில் அழிந்துபோனது. பயணி இருந்தார், பாதை இருந்தது, ஆபத்து இருந்தது; உதவிக்கு வரத்தான் யாரும் இல்லை.

கதையும் வரலாறும்

பெர்னார்துவின் பிறப்பு பற்றி ஒரு அழகான மரபுக் கதை உண்டு. அன்னசி ஏரிக்கு அருகில் உள்ள மாந்தோன் கோட்டையில், செல்வமிக்க குடும்பத்தில் அவர் பிறந்தார் என்றும், பெற்றோர் அவருக்குத் திருமணம் நிச்சயித்தார்கள் என்றும், திருமணத்துக்கு முந்திய இரவில் அவர் தம் அறையின் சன்னல் வழியே குதித்து, வானதூதர் தாங்கியதால் காயமின்றித் தப்பி அவோஸ்தா நகரை அடைந்தார் என்றும் அக்கதை சொல்கிறது. மலைமக்கள் இதை நாடகமாகவும் நடித்து மகிழ்ந்தனர்.

இக்கதை அவர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. அவர் 923இல் பிறந்தார் என்ற பழைய கணக்கையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1020இல் பிறந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. இதனால் நம் பக்தி குறைய வேண்டியதில்லை. சன்னல் கதை இல்லாவிட்டாலும் பெர்னார்து பெரியவரே. ஒரு முறை வானதூதர் அவரைத் தாங்கியதாகக் கதை சொல்கிறது. அவரோ, விழுந்துகொண்டிருந்த மனிதர்களைத் தாங்குவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்று வரலாறு சொல்கிறது. இரண்டாவதுதான் நமக்குப் பாடம்.

வரலாறு உறுதியாகக் காட்டும் பெர்னார்து, அவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டர். இன்று சிலர் இதை ஒரு பட்டப்பெயர் என்று நினைக்கலாம். அந்தக் காலத்தில் அது உழைப்பு மிகுந்த பணி. ஆயரின் வலக்கையாக இருந்து, குருக்களை ஒழுங்குபடுத்தி, பங்குகளைச் சந்தித்து, ஏழைகளுக்கான உதவிகளைக் கவனிப்பவர் அவர். பெர்னார்து மலைக்கிராமங்களுக்குக் கால்நடையாகவே சென்று, பழைய அச்சங்களிலும் மூடப்பழக்கங்களிலும் கிடந்த மக்களுக்கு நற்செய்தியை அறிவித்தார். இப்படி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உழைத்ததாக மரபு கூறுகிறது.

அவோஸ்தா அந்தக் கணவாய்ப் பாதையின் தெற்கு வாசல். மலையைக் கடந்து வந்தவர்கள் அந்த நகருக்கே வந்து சேர்ந்தனர். விரல்கள் கறுத்துப்போனவர்களும், கூட வந்தவரைப் பனியில் விட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பனி உருகும் காலத்தில் மேலே கிடைத்த உடல்களின் செய்தியும் அங்கேதான் வந்தது. அவர்களுக்கு உணவு கொடுத்து, இறந்தவர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றி, பெர்னார்து தம் கடமையை முடித்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாமும் நம் பங்குகளில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். வந்து கதவைத் தட்டியவருக்கு உதவுகிறோம். தட்ட முடியாமல் வழியில் விழுந்தவரை நாம் அறிவதே இல்லை.

உச்சியில் ஒரு வீடு

ஏறத்தாழ 1050ஆம் ஆண்டில், பெர்னார்து ஒரு முடிவெடுத்தார். அடிவாரத்தில் பாதுகாப்பான இடத்தை விட்டுவிட்டு, கணவாயின் உச்சியிலேயே பயணியர் இல்லம் ஒன்றை நிறுவினார். பழைய யூப்பித்தர் கோவில் இருந்த இடத்துக்கு அருகிலேயே அது எழுந்தது. பயணிகளின் பாதுகாவலராக மக்கள் போற்றிய புனித நிக்கோலாசின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே வாழ்ந்து பணிசெய்யத் துறவியர் குழு ஒன்றும் உருவானது. பிற்காலத்தில் அவர்கள் புனித அகுஸ்தீனாரின் ஒழுங்குமுறையைப் பின்பற்றினர். மேற்கே 2,188 மீட்டர் உயரத்தில் உள்ள மற்றொரு கணவாயில் இருந்த இல்லத்தையும் மரபு அவருடைய பெயரோடு சேர்க்கிறது. இன்று அந்த இரண்டு கணவாய்களும் பெரிய புனித பெர்னார்து, சிறிய புனித பெர்னார்து என்றே அழைக்கப்படுகின்றன. யூப்பித்தரின் பெயர் மறைந்து, ஒரு குருவின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது.

உச்சியில் ஏன் கட்ட வேண்டும்? அங்கே மரம் வளராது. விறகைக் கூடக் கீழிருந்து சுமந்து கொண்டுவர வேண்டும். கோதுமை விளையாது. ஆனால் இருபுறமும் உள்ள கடைசிக் கிராமங்கள் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. அங்கிருந்து உச்சிக்கு 800 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும், பிறகு அதே அளவு இறங்க வேண்டும். காலையில் தெளிவாக இருந்த வானம் நண்பகலில் மூடிக்கொண்டு புயல் வீசினால், பயணி முன்னேயும் போக முடியாது, பின்னேயும் திரும்ப முடியாது. அவர் சாவது அங்கேதான். எனவே வீடும் அங்கேதான் இருக்க வேண்டும். பெர்னார்துவின் ஞானம் இவ்வளவு எளிமையானது.

பனி எப்படிக் கொல்கிறது?

இந்த இல்லத்தின் பணியை உணர, அந்த ஆபத்து என்ன என்பதை நாம் சிறிது அறிந்திருப்பது நல்லது. பனி அடுக்கடுக்காகப் படிகிறது. ஓர் அடுக்கு கெட்டியாக இருக்கும். அதற்கு அடியில் உள்ள அடுக்கு சர்க்கரை போல உதிரியாக இருக்கலாம். புயல் வீசும்போது புதிய பனி விரைவாகக் குவிகிறது. அதோடு காற்று, ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கச் சரிவில் கொட்டுகிறது. அடியில் உள்ள உதிரி அடுக்கால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாத நொடியில், மேலடுக்கு முழுவதும் பலகை போல உடைந்து வழுக்கி இறங்குகிறது. சில நொடிகளில் அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். 30 பாகைக்கும் மேற்பட்ட சாய்வுள்ள சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. புயல் வீசும் நேரமும், அது ஓய்ந்த பின் வரும் ஓரிரு நாள்களும் மிக ஆபத்தானவை.

இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, அதில் சிக்கியவரோ உடன் சென்றவரோ சரிவில் கால் வைத்ததால் தூண்டப்பட்டவை என்று மலை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். புயலுக்குப் பின் வானம் நீலமாகிறது, பனி வெண்பட்டு போல விரிந்து கிடக்கிறது. எல்லாம் அழகாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று மனிதர் எண்ணிவிடுகிறார்கள்.

ஓடும்போது மாவு போலத் தோன்றும் பனி, நின்றவுடன் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பவரால் விரலைக் கூட அசைக்க முடியாது. முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரைமணி நேரமானால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஆகவே தூரத்தில் உள்ள உதவி உதவியே ஆகாது. உடன் இருப்பவரும் அருகில் இருப்பவருமே காப்பாற்ற முடியும்.

மணியும் வழிகாட்டிகளும்

பெர்னார்துவின் இல்லம் இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தது. பயணி வரட்டும் என்று உள்ளே காத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை. காலப்போக்கில் ஓர் ஒழுங்கு உருவானது. குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் இல்லத்திலிருந்து ஆள் புறப்பட்டு, சுவிட்சர்லாந்துப் பக்கமும் இத்தாலிப் பக்கமும் இறங்கிச் சென்று, வழியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். அவரிடம் உணவு இருக்கும். மூடுபனியிலும் புயலிலும் வழி தவறியவர்கள் திசை அறியும்படி மணி ஒலிக்கப்பட்டது. வந்து சேர்ந்தவரிடம் ஊர் எது, குலம் எது என்று கேட்கவில்லை. நூற்றாண்டுகளாக அங்கே உணவுக்கும் படுக்கைக்கும் பணமும் வாங்கவில்லை.

இவ்வளவு செய்தும் எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததா என்றால், இல்லை. சுவிட்சர்லாந்துப் பக்கமிருந்து உச்சிக்கு ஏறும் பள்ளத்தாக்கின் ஒரு பகுதிக்கு இறந்தோர் பள்ளத்தாக்கு என்றே பெயர். 1129ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெல்ஜியம் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த மடத்தலைவர் ருடோல்ப் உரோமையிலிருந்து திரும்பும் வழியில், இத்தாலிப் பக்கம் உள்ள சென்-ரெமி கிராமத்தில் பனியால் தடைபட்டுத் தங்கினார். கூட்டம் நெருக்கியது. அங்கிருந்த வழிகாட்டிகள், தலையிலும் கையிலும் கம்பளி சுற்றி, ஆணி பதித்த காலணிகளோடு, மற்றவர்களுக்குப் பாதை உண்டாக்க முன்னே சென்றனர். அப்போது மலையிலிருந்து பெரும் பனி சரிந்து அவர்களுள் பத்துப்பேரை மூடிவிட்டது. அந்த வழிகாட்டிகள் கோவிலில் செபித்துவிட்டுப் புறப்பட ஆயத்தமாக இருந்தவர்கள். பாதையை நன்கு அறிந்தவர்கள். ஆனாலும் மாண்டார்கள்.

பிற்காலத்தில் இல்லத்தின் அருகே இறந்தோருக்கென ஒரு சிறு கட்டடமும் இருந்தது. உறைந்த பூமியைத் தோண்ட முடியாததால், பெயர் தெரியாத உடல்களை அங்கே வைத்தார்கள். என்றாவது ஒரு தாயோ சகோதரரோ வந்து அடையாளம் காணக்கூடும் என்று காத்திருந்தார்கள். காப்பாற்ற முடியாமல் போனவரையும் கைவிடாத அந்த அன்பு நம் உள்ளத்தைத் தொடுகிறது. இறந்தோருக்காகச் செபிக்கும் திருஅவையின் மரபு, அந்தக் குளிர்ந்த கட்டடத்தில் உருவம் பெற்று நின்றது.

இறுதிப் பயணம்

பெர்னார்து தம் இறுதி நாள்களிலும் நடந்துகொண்டே இருந்தார். அக்காலத்தில் பேரரசர் நான்காம் என்றிக்கும் திருத்தந்தை புனித ஏழாம் கிரகோரிக்கும் இடையே கடும் பகை மூண்டிருந்தது. பேரரசர் உரோமைமீது படையெடுப்பதைத் தடுக்க, பெர்னார்து அவரைச் சந்தித்துப் பேசினார் என்று அவரைப் பற்றிய பழைய வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. திரும்பும் வழியில் நோயுற்று, நொவாரா நகரில் 1081ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார். பயணியருக்கு வீடு கட்டியவர், தாமே ஒரு பயணியாக, தம் வீட்டுக்கு வெளியே இறந்தார்.

1681ஆம் ஆண்டு திருத்தந்தை 11ஆம் இன்னோசென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய சபையினர் ஜூன் 15ஆம் நாள் அவருடைய விழாவைக் கொண்டாடுகின்றனர். ஓவியங்களிலும் சிற்பங்களிலும் அவருடைய காலடியில் சங்கிலியால் கட்டப்பட்ட அலகையையோ பறவைநாகத்தையோ காணலாம். அந்த விலங்கு கொல்லப்படவில்லை, கட்டப்பட்டிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மலையின் ஆபத்தும் அப்படியே. அதை ஒழிக்க முடியாது. விழிப்பால் கட்டிவைக்கலாம், கை தளர்ந்தால் அது மீண்டும் பாயும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்தூர் கிராமத்தில் பனிச்சரிவு வீடுகளுக்குள் புகுந்து 31 பேரைக் கொன்றதை நாம் மறக்கக் கூடாது.

அவருக்குப் பின்

உலகம் இன்று பெர்னார்துவைவிட அவருடைய பெயர் தாங்கிய நாய்களையே அதிகம் அறியும். 17ஆம் நூற்றாண்டு முதல் அந்த இல்லத்தில் பெரிய நாய்கள் வளர்க்கப்பட்டன. பனியில் பாதை காணவும் புதைந்தவரை மோப்பம் பிடிக்கவும் அவை துணைநின்றன. பாரி என்ற நாய் 1800 முதல் 1814 வரை வாழ்ந்து, நாற்பது பேர் வரை உயிர் பிழைக்கக் காரணமாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அதன் உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. படங்களில் நாம் பார்க்கும் கழுத்துப் பீப்பாய் மட்டும் பிறருடைய கற்பனை.

நம் காலத்துக்கு அருகில் இன்னொரு செய்தி உண்டு. 1889ஆம் ஆண்டு, அக்கில்லே இராத்தி என்ற 32 வயது குரு, மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகம் வழியாக உச்சியை அடைந்தார். அதே மலைமுகத்தில் எட்டு ஆண்டுகளுக்கு முன், 1881இல், மரினெல்லி என்பவரும் அவருடைய வழிகாட்டிகள் இருவரும் பனிச்சரிவில் இறந்திருந்தனர். இராத்தி அதை அறிந்தவர். அனுபவமுள்ள வழிகாட்டிகளோடு சென்றார். இருட்டியதும் மேலே துணிந்து செல்லாமல், பாறை விளிம்பில் குளிரைத் தாங்கி இரவைக் கழித்தனர். இந்தக் குருதான் பிறகு திருத்தந்தை 11ஆம் பயஸ் ஆனார். அவர் 1923ஆம் ஆண்டு, புனித பெர்னார்துவை ஆல்ப்ஸ் மலைமக்களுக்கும் மலைப்பயணிகளுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். பெர்னார்து 923இல் பிறந்தார் என்ற பழைய கணக்கின்படி அது ஆயிரமாவது ஆண்டு. கணக்கு தவறியிருக்கலாம்; தகுந்தவரிடமிருந்து தகுந்தவருக்குக் கிடைத்த சிறப்பு அது.

அந்த இல்லத்தின் துறவியர் 1930களில் ஆசியாவுக்கும் வந்தனர். சீனாவின் யுன்னான் பகுதிக்கும் திபெத்துக்கும் நடுவே உள்ள உயர்ந்த கணவாயில் இதுபோன்ற ஓர் இல்லம் கட்ட முயன்றனர். அவர்களுள் ஒருவரான அருட்பணியாளர் மொரிஸ் தோர்னே, தம் பங்கு மக்களுக்காகப் பேச லாசா நகருக்குச் செல்லும் முயற்சியில், 1949 ஆகஸ்ட் 11ஆம் நாள் ஒரு மலைக்கணவாயில் கொல்லப்பட்டார். 1993இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

1964இல் மலையின் கீழே சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. வாகனங்கள் சில நிமிடங்களில் மறுபுறம் சென்றுவிடுகின்றன. ஆனாலும் துறவியர் மேலேயே இருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஏறி வருபவர்களை அவர்கள் வரவேற்கிறார்கள். பனிச்சரிவு எச்சரிக்கைகளைப் பயணிகளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். கிறிஸ்து இங்கே ஆராதிக்கப்படுகிறார், இங்கே உணவும் பெறுகிறார் என்ற பொருளுடையது அவர்களின் விருதுவாக்கு. நற்கருணையையும் பசித்த பயணியையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நமக்கு என்ன?

அன்புக்குரியவர்களே, நம்மில் பலர் பனிமலையில் கால் வைக்கப்போவதில்லை. ஆயினும் இந்தப் புனிதர் நம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்.

முதலாவது, கடவுள்மேல் நம்பிக்கை வைப்பதும் எச்சரிக்கையை அலட்சியம் செய்வதும் ஒன்றா? ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய எச்சரிக்கையை நாம் சொல்லாமல் விடுகிறோம். கேட்க வேண்டிய எச்சரிக்கையைக் கேட்காமல் விடுகிறோம். கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகைக்கு நம் ஆண்டவர் இணங்கவில்லை என்பதை நாம் அறிவோம். தந்தையின் அன்பைச் சோதித்துப் பார்ப்பது நம்பிக்கை ஆகாது. பெர்னார்து செபித்தார், வீடும் கட்டினார். அவருடைய பிள்ளைகள் திருப்பலி நிறைவேற்றினார்கள், பிறகு பனியில் இறங்கிப் பாதையையும் பார்த்தார்கள். இன்று மலைக்குச் செல்வோர், புதைந்தவரைக் காட்டும் பீக்கன் கருவியும் நீண்ட கம்பியும் மண்வெட்டியும் எடுத்துச் செல்கிறார்கள். இவை பெரும்பாலும் தம்மைவிட உடன்வருபவரைக் காப்பாற்றுவதற்கான கருவிகள். புயல் என்றால் திரும்பி வருவதும் ஒரு நற்பண்பே. திரும்பி வந்தவரைக் கோழை என்று கேலி செய்யாத சமூகம் பல உயிர்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது, நம் உதவி எந்த இடத்தில் நிற்கிறது? பாதுகாப்பான அடிவாரத்திலா, ஆபத்தான உச்சியிலா? நல்ல சமாரியர் வழியில் விழுந்தவரைக் கண்டு அருகில் சென்றார். பெர்னார்து, எங்கே மக்கள் விழுகிறார்கள் என்று முன்கூட்டியே அறிந்து அங்கேயே போய்க் குடியிருந்தார். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் சரியும் நிலையில் இருப்பவர்கள் உண்டு. கடனில், குடியில், தனிமையில், சொல்ல முடியாத மனத்துயரில் அவர்கள் இருக்கிறார்கள். வெளியே எல்லாம் வெண்மையாக, அமைதியாகத் தெரியும். உள்ளே ஓர் அடுக்கு உதிர்ந்துகொண்டிருக்கும். சரிந்த பிறகு ஓடி வருபவர் பலர். அதற்குமுன் அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பார்ப்பவர் சிலரே. புதைந்தவருக்குப் பத்து நிமிடங்கள்தான் என்பதை நினைத்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

எல்லாரையும் நம்மால் காப்பாற்ற முடியாது. அந்த மலையில் வாழ்ந்த புனிதர்களாலும் முடியவில்லை. எனினும் அடுத்த நாள் காலையில் அவர்கள் மீண்டும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நடந்த புதுமை அதுவே.

பயணிகளின் துணைவரான இறைவா, மலைகளில் பணிசெய்யும் எங்கள் படைவீரர்களையும், மீட்புப் பணியாளர்களையும், வழியில் இருக்கும் எல்லாரையும் காத்தருளும். பனியில் மாண்டவர்களுக்கு உமது ஒளியைத் தாரும். ஆபத்தைக் காணும் கண்ணையும், எச்சரிக்கையைக் கேட்கும் செவியையும், தேடிச் செல்லும் கால்களையும் எங்களுக்குத் தாரும். புனித பெர்னார்துவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.